தடைக்காலத்தில் ஐம்பது வீட்டுக்கு பேக்கிங்: கேக் வேண்டாம், பன் சுடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கும் நான்கு தோழிகள் நாங்கள். இரண்டு பேர் வீட்டில் ஓடிஜி ஓவன் இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் வருமானமில்லாத ஐம்பது குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் கேக் செய்து கொடுக்க ஆசை. எப்படித் திட்டமிடுவது? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: நல்ல எண்ணம், ஆனால் கேக்கை விட்டுவிடுங்கள். வெண்ணெய், முட்டை என்று செலவு ஏறும். ஆளுக்கு ஒரு துண்டோடு தீர்ந்தும் போகும். கிரீம் கேக் என்றால் மே மாத வெயிலில் வழியிலேயே கெட்டுவிடும். காலை டீக்கு வீடே உட்கார்ந்து சாப்பிட பன்தான் சரி.

ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர், 80 கிராம் சர்க்கரை, 60 கிராம் எண்ணெய், 10 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 15 கிராம் உப்பு. 60 கிராம் உருண்டையாகப் பிடித்தால் கிட்டத்தட்ட 29 பன் வரும். வீட்டுக்கு நான்கு என்றால் 200 பன், அதாவது ஏழு கிலோ மாவு.

சிக்கல் ஓவனில் இல்லை, மாவில்தான். ஒரு தட்டில் பன்னிரண்டு பன், 180 டிகிரியில் சுமார் 18 நிமிடம். தட்டு மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு ஓவனிலும் மூன்றரை மணி நேரம் ஓடும். நம் ஊர் வெயிலில் பிசைந்த மாவு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகிவிடும். ஏழு கிலோவையும் ஒரே நேரத்தில் பிசைந்தால் கடைசித் தட்டுகள் புளித்து, அமுங்கி, தட்டையாக வரும். எனவே இரண்டு இரண்டு கிலோவாக, மணிக்கு ஒரு முறை பிசையுங்கள். தண்ணீர் ஐஸ் போட்டதாக இருக்கட்டும். அப்படியும் மாவு வேகமாகப் பொங்கினால் ஈஸ்டை 7 கிராமாகக் குறையுங்கள். அப்புறம், இரண்டு ஓவனையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் 1500 முதல் 2000 வாட் இழுக்கும். பழைய வீட்டு வயரிங் தாங்காது. கரண்ட் பில்லையும் நால்வரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சை முதல் வாரமே முடித்துவிட்டால் நட்புக்கு நல்லது.

சூடாகக் கவரில் போடவே கூடாது. உள்ளே நீர் கோத்து மறுநாளே பூஞ்சை பிடிக்கும். கம்பித் தட்டில் மெல்லிய துணி மூடி ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் அச்சு மை ஒட்டும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கோ தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. காக்கி பேப்பர் கவர் போதும். அதன்மேல் சுட்ட தேதியை எழுதுங்கள். மறுநாளைக்குள் சாப்பிடச் சொல்லுங்கள்.

யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் உண்டு. ஆனால் விசைப்படகு நின்றால் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காமார் எல்லோருக்கும் வேலை குறையும். அந்தத் தெருவில் எல்லோரையும் தெரிந்த ஒரு அக்காவிடம் போய், யாருக்குத் தேவை, பன் வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள். அரிசியும் பருப்பும்தான் வேண்டும் என்றால், மைதாவுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கே கொடுங்கள். ஓவன் இருக்கிறது என்பதற்காகப் பன்தான் சுட வேண்டும் என்றில்லை! கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை நாளைக்கு உங்கள் தெருப் பிள்ளையோடு ஒரே வகுப்பில் உட்காரும்.

லைசென்ஸ் விஷயம்: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், லாப நோக்கமில்லாத உணவு முயற்சிகளையும் 'உணவுத் தொழில்' என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. வாராவாரம் செய்யப்போவதால், உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, சிறு அளவில் செய்பவர்களுக்கான பதிவு போதுமா என்று கேட்டுவிடுங்கள். ஏப்ரல் பிறக்கும் முன்பே போய் வந்துவிடுங்கள்.