புல்லட் வாங்கியாச்சு, மனசு பழைய வண்டியில் நிற்கிறது: கேள்வி பதில்

லேசான வண்டியிலிருந்து கனமான வண்டிக்கு மாறியவர்கள் பல பேர் கிட்டத்தட்ட ஒரே சங்கடத்தைக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறேன். மதுரை செல்லூரில் ஒர்க்‌ஷாப் வைத்து 26 வருஷம் ஆகிறது. இரண்டு வகை வண்டியும் தினமும் கைக்கு வருகிறது, நானும் இதே மாற்றத்தைக் கடந்து வந்தவன்.

அண்ணே, 11 வருஷம் ஸ்ப்ளெண்டர் ஓட்டினேன். போன மாசம் அதைக் கொடுத்துவிட்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்தேன். ஆசைப்பட்டு வாங்கியதுதான், ஆனால் காலையில் சாவியை எடுக்கும்போதே ஒரு சலிப்பு வருகிறது. எனக்கு மட்டும்தானா இப்படி? (காளவாசல்)

உங்களுக்கு மட்டும் இல்லை தம்பி. சர்வீசுக்கு வண்டியை விட வருகிறவர்கள் கணக்கு பேசி முடித்த பிறகு மெதுவாகச் சொல்வது இதைத்தான். பழகினதை விட்ட ஏக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் சரியாகும். ஆனால் உங்கள் கையும் இடுப்பும் சொல்வது உண்மையான கணக்கு.

ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, உங்கள் கிளாசிக் 195 கிலோ. வித்தியாசம் 83 கிலோ, ஒன்றரை மூட்டை சிமெண்டுக்கும் மேல். ரிங் ரோட்டில் போகும்போது இது தெரியவே தெரியாது, சொல்லப்போனால் அங்கே அது நல்லது, பக்கத்தில் லாரி கடந்தாலும் வண்டி ஆடாது. தெரிவதெல்லாம் வண்டி நிற்கிற இடத்திலும் நகர ஆரம்பிக்கிற இடத்திலும்தான். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வாசலில் நெருக்கி நிறுத்தின வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னால் இழுத்து எடுக்கும்போது, கீழமாசி வீதியில் எதிரே லோடு வண்டி வந்து ஒதுங்கி நின்று மறுபடி கிளம்பும்போது, ராத்திரி வீட்டு வாசல் சரிவில் ஏற்றும்போது. மதுரைக்குள்ளேயே ஓட்டுகிறவனுக்கு ஒரு நாளில் பாதி இந்த வேலைதான். போதாததற்கு, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள நீளம் ஸ்ப்ளெண்டரை விடக் கிளாசிக்கில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அதிகம், அதனால் ஒரே மூச்சில் திரும்பிய சந்தில் இப்போது காலை ஊன்றி இரண்டு தடவை முன்னும் பின்னும் போகிறீர்கள்.

2012-ல் நானும் என் ஸ்ப்ளெண்டரைக் கொடுத்துவிட்டுத்தான் புல்லட் எடுத்தேன். இரண்டாவது வாரமே பால் வாங்க நடந்து போக ஆரம்பித்தேன். மகளை டியூஷனில் விடுவது, சிம்மக்கல்லில் போய் ஒரு சாமான் வாங்கி வருவது என்று சின்ன வேலைகள் எல்லாம் தள்ளிப்போயின, வண்டியை எடுப்பதே ஒரு காரியமாகிவிட்டது. நாலு மாசம் கழித்து ஒரு பழைய சி.டி. 100 கைக்கு வந்தது. அதை வாங்கின அன்றைக்குத்தான் புல்லட் மேல் எனக்கு இருந்த மனத்தாங்கல் தீர்ந்தது. லேசான வண்டியின் வேலையை அதன் தலையில் கட்டியதுதான் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புல்லட்டை அழகர்கோயில் ரோட்டில் விட்டால் அந்தச் சுகமே வேறு, இன்று வரைக்கும் அப்படித்தான்.

அதனால் என்னிடம் கேட்டால், முடிந்தால் லேசான வண்டி ஒன்றை வீட்டில் வையுங்கள், பழசாக இருந்தாலும் போதும். முடியாவிட்டால் மெதுவாக ஓட்டுவதை ஒரு வித்தையாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை காலியான மைதானத்தில் முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் விட்டுப் பாருங்கள், அந்த என்ஜின் நடை வேகத்தில் தானே இழுத்துக்கொண்டு போகும். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி கிளட்சைப் பாதியில் பிடித்து, போக வேண்டிய இடத்தைப் பார்த்துத் திரும்புங்கள். வண்டியின் முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் அங்கேயே சாய்ந்துவிடும். நாலு ஞாயிறு இதைச் செய்தவர்களுக்குப் பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது என்று அவர்களே வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணா, என் உயரம் ஐந்தடி இரண்டு. இத்தனை நாள் எக்ஸ்.எல்.தான் ஓட்டினேன். வீட்டுக்காரர் ஹண்டர் 350 வாங்கியிருக்கிறார், நீயும் ஓட்டு என்கிறார். பயமாக இருக்கிறது. (திருநகர்)

ஓட்டலாம் தங்கச்சி, பயத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. சீட் உயரம் தரையிலிருந்து 800 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஸ்ப்ளெண்டர் சீட்டே 785 இருக்கும், அதனால் உயரம் மட்டும் பிரச்சினை இல்லை, சீட்டின் அகலம் தொடையை விரித்துவிடுகிறது, கால் தரைக்கு எட்டாமல் போவது அதனால்தான். இரண்டு காலும் முழுசாக ஊன்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். வலது கால் பிரேக்கில், இடது கால் மட்டும் நன்றாக ஊன்றினால் போதும், அதற்கு இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தி உட்காருங்கள். சரிவான இடத்திலும் மணல் கிடக்கிற இடத்திலும் நிறுத்தாதீர்கள். முதல் பத்து நாள் யாரையும் பின்னால் ஏற்ற வேண்டாம், வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எக்ஸ்.எல்.லில் கியர் இல்லாமல் பழகின கை என்பதால் கிளட்சுக்கே தனியாக ஒரு வாரம் வேண்டும். அதை யாரிடமாவது 100 சி.சி. வண்டி இரவல் வாங்கிப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள். எக்ஸ்.எல்.லை விற்காதீர்கள்.

பெட்ரோல் பங்கில் நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்துவிட்டது, தூக்க முடியவில்லை. நாலு பேர் வந்து தூக்கினார்கள், அவமானமாகப் போய்விட்டது. தனியாகத் தூக்க வழி உண்டா? (வாடிப்பட்டி)

உண்டு. அவமானம் எதுவும் இல்லை, 190 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எவனாலும் பிடிக்க முடியாது. பிடிக்கப் போனால் முதுகுதான் பிடித்துக்கொள்ளும், கையை விட்டு விலகிவிடுங்கள்.

முதலில் சாவியை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை இப்போதே விரித்து வைத்துவிடுங்கள், தூக்கின வேகத்தில் இடது பக்கம் சாய்ந்து விழாமல் இருக்கும். கியரில் போட முடிந்தால் போடுங்கள், உருளாது. அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்பக்கம் படும்படி குந்த வேண்டும். ஒரு கை தரைப் பக்கம் கிடக்கிற ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்னால் உள்ள கம்பியில். முதுகை நிமிர்த்தி வைத்து, காலால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். கையால் தூக்காதீர்கள், நெல் மூட்டையை முதுகில் ஏற்றுகிறவர் எப்படிக் காலால் எழுந்திருக்கிறாரோ அதே கணக்குதான். நிமிர்ந்த பிறகு பெட்ரோல் வாசம் போகும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

சிறுமலைக்குப் போனால் எது நல்லது, பழைய 100 சி.சி.யா, 350-ஆ? (திண்டுக்கல் ரோடு, சமயநல்லூர்)

18 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆள் இரண்டு பேர் என்றால் 350 சுகம், 100 சி.சி.யை இரண்டாவது கியரில் இழுத்து இழுத்துப் போக வேண்டும். தனி ஆள் என்றால் எனக்கு 100 சி.சி.தான் பிடிக்கும், வளைவில் நினைத்த மாத்திரத்தில் சாயும், நினைத்த இடத்தில் ஓரங்கட்டி நிற்கலாம். இறங்கும்போதுதான் கவனம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரலில் விடவே விடாதீர்கள். பழைய வண்டியில் டிரம் பிரேக், தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கனமான வண்டியில் டிஸ்க்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற ஏ.பி.எஸ்.ஸும் இருக்கும் (125 சி.சி.க்கு மேல் உள்ள புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம்), ஆனாலும் என்ஜின் பிடியை நம்பித்தான் இறங்க வேண்டும்.

நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது போய்ப் பாருங்கள், கனம் எதற்கு என்று அங்கே தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரோடு இருக்கிறது.

இரண்டு வண்டி வைக்க வசதி இல்லை, இடமும் இல்லை. நடுவில் ஏதாவது உண்டா? (ஆரப்பாளையம்)

உண்டு, அதிகம் யோசிக்க வேண்டாம். டி.வி.எஸ். ரைடர் 125 சுமார் 123 கிலோ, யமஹா எப்.இசட். 135 கிலோவை ஒட்டி. இரண்டும் ஊருக்குள் லேசு, மேலூர் வரைக்கும் போனாலும் மூச்சு வாங்காது. 350-இன் அந்த டப் டப் சத்தம் வேண்டும் என்றால் இதில் கிடைக்காது, சத்தத்துக்காக வாங்குகிறவரைத் தடுக்கவும் மாட்டேன், நானும் அதற்காகத்தான் வாங்கினேன். வாங்கும் முன்னால் ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்ப்பதை விட, இறங்கி நின்று பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். அது நிறையச் சொல்லிவிடும்.

புல்லட்டை விற்றுவிட்டு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 எடுக்கலாமா என்று இருக்கிறேன். பெரிய விலை சொல்கிறார்கள். (உசிலம்பட்டி)

ஆர்.எக்ஸ். மேல் உள்ள ஆசை எனக்குப் புரிகிறது. 98 சி.சி., 11 குதிரைத் திறன், எடை 100 கிலோவை ஒட்டித்தான். வண்டி எடையை மட்டும் வைத்து வகுத்துப் பாருங்கள், ஒரு குதிரைத் திறனுக்கு ஒன்பது, ஒன்பதரை கிலோ வரும். 20 குதிரைத் திறனும் 195 கிலோவும் உள்ள கிளாசிக்கிலும் கிட்டத்தட்ட அதேதான் வருகிறது. ஆள் ஏறிய பிறகு கணக்கு பெரிய வண்டிக்குச் சாதகமாக மாறும், ஆனால் டூ ஸ்ட்ரோக் கையை முறுக்கியதும் எகிறும் பாருங்கள், அது வேறு விஷயம்.

ஆனால் 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி. கடைசி வண்டிக்கே வயசு 25-ஐத் தாண்டிவிட்டது. பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, நம்பர் மேல் அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பதிவு 15 வருஷத்துக்கு, அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அது நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். உதிரி பாகம் என்று கிடைப்பதில் பாதி டூப்ளிகேட். நானே ஒருமுறை ஏமாந்து போட்ட பிஸ்டன் இரண்டே மாசத்தில் சீஸ் ஆகி இறுகிவிட்டது, கஸ்டமரிடம் கூலி வாங்காமல் மறுபடி பிரித்து வேலை பார்த்துக் கொடுத்தேன். உங்களுக்கு வேண்டியது லேசான வண்டி என்றால், அந்த விலையில் பாதிகூட இல்லாமல் நல்ல ஸ்ப்ளெண்டர் கிடைக்கும். வேண்டியது ஆர்.எக்ஸ்.தான் என்றால், புல்லட்டை விற்காமல் காசு சேர்த்து நிதானமாகத் தேடுங்கள். அவசரத்தில் வாங்கினவர்கள்தான் என் கடை வாசலில் நிற்கிறார்கள்.

அப்பாவின் சி.டி. 100 ஊரில் தொழுவத்தில் ஆறு வருஷமாகக் கிடக்கிறது. அப்பா இல்லை. என்னிடம் இப்போது ராயல் என்ஃபீல்டு மீட்டியர் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் கேட்கிறார், கொடுத்துவிடவா? (சோழவந்தான்)

கொடுக்காதீர்கள் தம்பி. மூன்று நாள் வேலை, ஓடும்.

கிக் அடித்துப் பார்க்கிற ஆசையை முதலில் அடக்குங்கள். டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை முழுசாக வடித்து, உள்ளே துரு இருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று சொட்டு என்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள், மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கினால் பிஸ்டன் இறுகிப்போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இறங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை ஊதிச் சுத்தம் பண்ண வேண்டும், ஆயிலை மாற்ற வேண்டும், புது பிளக், புது பெட்ரோல் டியூப். டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள், பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம், 2314 என்றால் 2014-இன் 23-வது வாரம். அவ்வளவு பழசு என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். பிரேக் ஷூ, கேபிள்கள், செயின். தொழுவத்தில் கிடந்ததால் ஒயரை எலி கடித்திருக்கும், அதையும் பாருங்கள். அப்பா பெயரில் உள்ள ஆர்.சி.யை வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் வைத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தள்ளிப்போட்டால் இன்சூரன்சில் சிக்கல் வரும்.

சீட் கவர் கிழிந்திருந்தால் மேலே புதுசு போடுங்கள், அடியில் அப்பா உட்கார்ந்து அமுங்கின ஸ்பாஞ்சை மாற்ற வேண்டாம். பேப்பர் வேலை முடிந்ததும் வைகைப் பாலத்தைத் தாண்டித் தென்கரை வரைக்கும் மெதுவாகப் போய் வாருங்கள். என்ஜினில் ஏதாவது சத்தம் கேட்டால் போனில் பதிவு பண்ணி அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.