வாசகர் கேள்வி: கான்கிரீட் கட்டடத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி: 1960களில் கட்டிய, பூச்சே இல்லாத கான்கிரீட் அடுக்குமாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம். வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் அந்தப் பெரிய ஜன்னலில் மயங்குவதற்கு முன் வெளியே போய் பால்கனியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் அதன் காரத்தன்மையைக் குறைத்துவிடும், அப்புறம் ஈரம் சேர்ந்தால் கம்பி துருப்பிடித்து உப்பி, மேலிருக்கும் கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். கம்பி ஓடும் வழியில் நேர்கோடாக விரிசல், பழுப்புக் கறை, தட்டினால் வெற்றுச் சத்தம் என்றால் விஷயம் முற்றிவிட்டது. அதைச் சரிசெய்யும் செலவு எல்லா வீட்டுக்காரர்கள் தலையிலும் விழும். அதனால் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் பராமரிப்பு நிதிக் கணக்கையும் கேட்டு வாங்கிப் படியுங்கள், தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்காதீர்கள். பாரம்பரியக் கட்டடமாக அறிவித்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அப்படியென்றால் ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.