எபிலேட்டரா, ஐ.பி.எல். கருவியா?

கேள்வி: நான் நல்ல கருநிறம். கை கால்களிலும் மோவாயிலும் உள்ள முடியை நீக்க, வேரோடு பிடுங்கும் எபிலேட்டர் வாங்குவதா, முடி நிரந்தரமாக நின்றுவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும், ஒளி பாய்ச்சும் ஐ.பி.எல். கருவியை வாங்குவதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் நிறத்துக்கு ஐ.பி.எல். வேண்டாம். அக்கருவியின் ஒளியை முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி உறிஞ்சிச் சூடாவதால்தான் வேர் பலவீனமடைகிறது. ஆனால் கருத்த தோலிலும் அதே மெலனின் நிறைந்திருப்பதால், வேருக்குச் சேர வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொண்டு, கொப்புளங்களும் பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டுகளும் ஏற்படக்கூடும். வாங்கும் முன் கையேட்டில் அச்சிட்டிருக்கும் தோல்நிற அட்டவணையைப் பாருங்கள். மிகக் கருத்த கட்டத்துக்கு நேரே பெரும்பாலும் பெருக்கல் குறிதான் இருக்கும். மாநிறத்தவருக்கு அது பயன்படலாம் என்றாலும், முடி குறையுமே தவிர நிரந்தரமாக நிற்காது; நரைமுடியில் பலிக்கவே பலிக்காது.

எபிலேட்டருக்குத் தோலின் நிறம் ஒரு பொருட்டல்ல. சுழலும் சிறு இடுக்கிகள் முடியை வேரோடு பிடுங்குவதால் 3, 4 வாரங்களுக்குக் கவலையில்லை. முதல் சில முறை நன்றாகவே வலிக்கும். முடி 2 முதல் 5 மி.மீ. நீளம் இருக்கும்போது, வெந்நீரில் குளித்து ஈரம் துடைத்தபின், ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாக நகர்த்துங்கள். முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து பருக்களாக எழுபவர்களுக்கு டிரிம்மரே நல்லது.

மோவாயில் தடித்த முடி வளர்வதோடு மாதவிடாயும் தவறுகிறது என்றால், தயவுசெய்து முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு காரணமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அதுவரை மோவாய்க்கு டிரிம்மர் போதும்.