மொத்த ஐ.க்யூ. 101, வேகம் மட்டும் 78: எதை நம்புவது?

ஐ.க்யூ. சோதனையில் மொத்தம் 101, வேகத்தில் மட்டும் 78 வந்திருக்கிறது, எதை நம்புவது என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். 101-ஐ ஒதுக்கி வையுங்கள். மொழிப் புரிதலில் 121, வேகத்தில் 78 என்று 43 புள்ளி இடைவெளி இருக்கும்போது அந்த மொத்த எண் உங்களைப் பற்றி அதிகம் சொல்லாது. மொத்த எண்ணுக்குள் இருக்கும் நான்கு குறியீடுகளையும் (திறன்வாரி மதிப்பெண்களை) தனித்தனியாகப் படியுங்கள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த மேடுபள்ளம் அடிக்கடி காணப்படுவதுதான்.

'அப்போ நான் மந்தமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பெரியவர்களுக்கான ஐ.க்யூ. சோதனையான வெய்ஸ்-4-இல் (WAIS-IV) வேகக் குறியீடு பென்சிலும் தாளுமாகச் செய்யும் இரண்டு பகுதிகளிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிமிடம். குறிகளை அச்சு மாதிரி அழகாக வரைபவர்களுக்கும், போட்டதையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பவர்களுக்கும் மதிப்பெண் இறங்கும். நான் இரண்டாவது ரகம். போதாததற்கு, நான் இதே சோதனையை எழுதியபோது தலைக்கு மேல் ஏசி உறுமிக்கொண்டிருந்தது.

சோதித்த உளவியலாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்:

1. அந்த இரண்டு பகுதிகளில் தவறுகள் எத்தனை? தவறே இல்லாமல் குறைவாக முடித்திருந்தால், மெதுவாகக் கவனமாகச் செய்திருக்கிறீர்கள்.

2. பொதுத் திறன் குறியீடு (GAI) கணக்கிட்டாரா? அதில் வேகமும், தகவலை மனதில் வைத்துக் கையாளும் செயல் நினைவும் சேராது.

ஆங்கிலத்தில் சோதித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் தமிழ் மட்டும் என்றால் 121 கூடக் குறைவாக வந்திருக்கலாம்.

ஆனால் 78-ஐ அறிக்கையிலிருந்து நீக்கச் சொல்லாதீர்கள். தேர்வில் கூடுதல் நேரம் கேட்க அதுதான் உதவும். உடனே மறுசோதனைக்கும் ஓடாதீர்கள். பழகிய கேள்விகளால் எண் ஏறிவிடும், ஒரு வருடமாவது போகட்டும். அப்புறம் வேண்டுமானால் சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட்டில் (NIEPMD, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) விசாரியுங்கள்.