டிஸ்க் தெரியவில்லையா? கேளுங்கள்

கேட்பதற்கு முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) டிஸ்க்கின் பெயர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

கே: புது எஸ்எஸ்டி பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் 'திஸ் பிசி'யில் இல்லை. பழுதா?

ப: இல்லை. புது டிஸ்க்கில் பார்ட்டிஷன் இருக்காது. டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, இனிஷியலைஸ் கேட்கும்போது ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணை வகை) கொடுத்து, வால்யூம் உருவாக்குங்கள். உள்ளே கோப்புகள் இருந்த டிஸ்க் இதே கேள்வியைக் கேட்டால் மட்டும் கேன்சல்.

கே: எம்.2 எஸ்எஸ்டி பயாஸிலேயே இல்லை. சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன்.

ப: எம்.2 என்பது வடிவம் மட்டுமே. உள்ளே இணைப்பு முறை பழைய சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இயாகவும் இருக்கலாம். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி கச்சிதமாக உட்காரும், திருகும் ஏறும், ஆனால் தெரியாது. மதர்போர்டு கையேட்டில் அந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று பாருங்கள். அப்படியே இன்னொன்றையும் தேடுங்கள்: சில போர்டுகளில் எம்.2 மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

கே: எக்ஸ்டர்னல் பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் சுழலவே மாட்டேன் என்கிறது.

ப: நல்ல கேள்வி. சாட்டா 3.3 விதிமுறையில் பவர் இணைப்பின் 3-வது பின்னுக்குப் புது வேலை கொடுத்தார்கள்: அதில் மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும். சர்வர்களில் தூரத்திலிருந்தே டிஸ்க்கை அணைத்துப் போட இது உதவும். ஆனால் பல பவர் சப்ளைகள் அதே பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தருகின்றன. பழைய நான்கு பின் மோலெக்ஸ் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிளில் 5, 12 வோல்ட் மட்டுமே வரும்; அதைப் போட்டுப் பாருங்கள். வேறு பவர் சப்ளையின் மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிளை எடுத்துச் செருகாதீர்கள். பின் வரிசை மாறியிருந்தால் டிஸ்க் எரியும்.

கே: 1 டெராபைட் டிஸ்க் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது.

ப: தெரிகிறதல்லவா? அடுத்தவர்.

கே: ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்கிறது, தெரியவில்லை. ஃப்ரீஸரில் வைத்தால் சரியாகுமாமே?

ப: வைக்காதீர்கள். பவரைத் துண்டியுங்கள். கோப்புகள் முக்கியமென்றால் டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

கே: என் நண்பருக்கு வேலை செய்ததே!

ப: அந்தக் காலத்து டிஸ்க்கில் ஒட்டிக்கொண்ட பாகம் குளிரில் விலகிக் கொஞ்ச நேரம் ஓடியிருக்கலாம். இன்றைய டிஸ்க்கில் தரவைப் படிக்கும் ஹெட்டுக்கும் சுழலும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். வெளியே எடுத்ததும் படியும் ஈரத்தின் மேல் ஹெட் ஓடினால் மீட்பவருக்கும் மிச்சம் இருக்காது.

கே: ஃப்ரீஸர் வேண்டாம், அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றலாமா?

ப: டிக் டிக் பெரும்பாலும் ஹெட் கோளாறு, போர்டு அல்ல. போர்டே எரிந்திருந்தாலும், அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் பழைய போர்டின் ரோம் சிப்பில் இருக்கும். சிப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கே: காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீஸரில் வைத்தால்?

ப: பையிலிருந்து எடுத்துத்தானே மாட்டுவீர்கள்? போதும்.

கே: பழைய டிஸ்க், விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. செய்யட்டுமா?

ப: கேன்சல், கேன்சல், கேன்சல். டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருளால் முழு டிஸ்க்கையும் நகலெடுத்து, நகலில் மீட்டுப் பாருங்கள்.

கே: விண்டோஸ் நிறுவும்போது டிரைவ் பட்டியலே காலி. பயாஸில் இருக்கிறது.

ப: இன்டெல் 11-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய லேப்டாப் என்றால் விஎம்டி (டிரைவ்களைக் கையாளும் இன்டெல் அமைப்பு) காரணமாக இருக்கலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அதற்கான ஆர்எஸ்டி டிரைவரைப் பென்டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுங்கள். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் இருந்தால் அது பூட் ஆகாமல் போகலாம்.