ஒன்பதாம் நம்பர் எத்தனை எடுத்தான்?

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், கூடைப்பந்துப் பைத்தியம். அமெரிக்காவில் ஜோன்டே போர்ட்டர் என்ற ஆட்டக்காரருக்கு ஆயுள் தடை விதித்தது அநியாயம் என்கிறான். "அவர் அணியைத் தோற்கடிக்கவில்லையே, உடம்பு சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதானே?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: பையன் சரியான இடத்தில்தான் இடறியிருக்கிறான், அம்மா. போர்ட்டர் மாட்டியது சூதாட்டப் பந்தயத்தில். அணி ஜெயித்ததா தோற்றதா என்பது அந்தப் பந்தயத்துக்குத் தேவையே இல்லை. ஒரு தனி ஆள் இத்தனை புள்ளியைத் தாண்டுவாரா, மாட்டாரா என்பதன் மேல் பணம் கட்டுகிறார்கள். தாண்டுவதற்குத் திறமை வேண்டும். தாண்டாமல் இருக்க பெஞ்சு போதும்.

2024 மார்ச் 20, சாக்ரமென்டோ கிங்ஸுடன் ஆட்டம். டொரொன்டோ ராப்டர்ஸுக்கு இறங்கிய போர்ட்டர் மூன்று நிமிடம்கூட முழுதாக ஆடவில்லை. அவர் சோபிக்கமாட்டார் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். பலித்தால் 11 லட்சம் டாலர். மாற்று ஆட்டக்காரர் மேல் இவ்வளவு பணமா என்று பந்தய நிறுவனத்துக்கே மூக்கில் வியர்த்து, தொகையை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் தடை, ஜூலையில் புரூக்ளின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வயது 24.

ஏன் வேண்டுமென்றே வெளியேறினார்? சூதாட்டக் கடன். ஆட்டத்திலிருந்து சீக்கிரம் வெளியேறினால் கடனைக் கழித்துக்கொள்ளலாம் என்று கடன்காரர்களே வழிகாட்டியிருக்கிறார்கள். எனவே தீர்ப்பைப் பற்றி மகனோடு வாதாடாதீர்கள். கூட ஆடுகிறவர்களில் யாராவது போனில் பந்தயம் கட்டிக் கடன்பட்டிருக்கிறார்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

நான் இந்த ஊரில் பல வருடம் ஸ்கோர் ஷீட் எழுதியவன். முதல், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனா, மற்றவற்றுக்கு நீலம். மூன்று புள்ளிக் கூடை என்றால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். யார் எத்தனை எடுத்தார் என்பது அந்தத் தாளைப் பார்த்தால் நொடியில் தெரியும். ஒரு பள்ளிப் போட்டியில் ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். எந்த அணி முன்னிலை என்று கேட்கவில்லை. "ஒன்பதாம் நம்பர் எத்தனை எடுத்தான்?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பையனின் அப்பாவாக்கும் என்று தாளைத் திருப்பிக் காட்டினேன்.

பரிசளிப்பின்போது அந்தப் பையனின் அப்பாவைப் பார்த்தேன். அவர் வேறு ஆள்.