அப்பா மறுக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை: என்ன செய்வது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 61 வயது. மளிகைக் கடை நடத்துகிறார். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'கண்டிப்பாகப் போக வேண்டும் அம்மா' என்றுதான் அப்பாவும் சொல்கிறார். ஆனால் போவதில்லை. கடைக்கு ஞாயிறு பிற்பகல் மட்டுமே விடுமுறை. எங்கே போனாலும் தன் ஸ்கூட்டரில்தான் போவார். சர்க்கரையால் பார்வை இழந்தவர்களின் வீடியோக்களை அனுப்பினேன். இப்போது என் செய்திகளையே திறப்பதில்லை. அவர் மனத்தை எப்படி மாற்றுவது?"

உங்கள் கவலை நியாயமானது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வையில் எந்தக் குறையும் தெரியாது. தெரியவரும்போது பெரும்பாலும் நிறைய இழந்திருப்போம். ஆனால் அப்பாவின் மனத்தை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உங்கள் பக்கம்தான் இருக்கிறது. அவருடைய எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே என்ன தடுக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

ஒன்றை நல்லது என்று நினைப்பவர் அதைச் செய்துவிடுவார் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். 1979-இல் டேவிட்சன், ஜக்கார்ட் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கை எங்கே தவறுகிறது என்பதைத் தெளிவாக்குகிறது. அமெரிக்காவில் மணமான பெண்களிடம் கருத்தடை பற்றி விசாரித்துவிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் யார் மாத்திரை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தார்கள். கருத்தடை பற்றிய பொதுவான கருத்துக்கும் நடத்தைக்கும் இருந்த ஒட்டுறவு (இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.08, அதாவது இல்லை என்றே சொல்லலாம். 'அடுத்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் மாத்திரை எடுத்துக்கொள்வது பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று குறிப்பாகக் கேட்டபோது அது 0.57 ஆக உயர்ந்தது. கேட்கப்பட்டவர்கள் அதே பெண்கள்தாம்; கேள்விதான் கூர்மையானது.

நீங்கள் இதுவரை கேட்டது முதல் வகைக் கேள்வி. அதற்கு 'ஆமாம்' என்பதைத் தவிர யாரும் வேறு பதில் சொல்ல மாட்டார்கள். இனி இப்படிக் கேளுங்கள்: "வரும் வியாழக்கிழமை காலை தவளக்குப்பம் கண் மருத்துவமனைக்குப் போகலாமா அப்பா?" உடனே வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். 'வியாழன் சரக்கு வரும்', 'கடையை யார் பார்ப்பது' என்று அவர் சொல்லத் தொடங்குவார். அவற்றைச் சாக்குப்போக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்களுக்குத் தேவையான தகவலே அதுதான்.

உளவியலாளர் ஐசெக் அய்சனின் 'திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு' இங்கே உதவும். ஒருவர் ஒன்றைச் செய்வாரா என்பதைக் கணிக்க மூன்றைப் பார்க்கச் சொல்கிறார் அவர்: அந்தச் செயலைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், அவர் மதிக்கும் மனிதர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், அது தன்னால் முடியும் என்று அவருக்குத் தோன்றுகிறதா. உங்கள் கடிதத்தைப் படித்தால் மூன்றாவதில்தான் அப்பா மாட்டிக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. விழித்திரையை முழுமையாகப் பார்க்க, சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரியச் செய்வார்கள். அதன்பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது, கணக்கு நோட்டைப் படிக்க முடியாது. ஞாயிறு பிற்பகலில் வழக்கமான வெளிநோயாளர் பிரிவு பெரும்பாலும் இயங்காது. ஆக, பரிசோதனை என்றால் அவருக்கு ஒரு நாள் கடை வியாபாரம் போகிறது; போதாக்குறைக்கு, தானே வண்டி ஓட்டிப் பழகியவர் இன்னொருவர் துணையை நாட வேண்டியிருக்கிறது. இதை மகளிடம் வாய்விட்டுச் சொல்ல எத்தனை அப்பாக்களால் முடியும்?

வீடியோ அனுப்புவதை இன்றே நிறுத்திவிடுங்கள். 1965-இல் உளவியலாளர் ஹோவர்ட் லெவந்தாலும் உடன் பணியாற்றியவர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி குறித்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு அச்சமூட்டும் படங்களோடு கையேடு. சிலருக்கு மென்மையான கையேடு. அச்சம் கூடியவர்கள் 'ஊசி அவசியம்' என்று அழுத்தமாகச் சொன்னார்கள். ஆனால் அதற்காகக் கூடுதலானவர்கள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பகுதியினருக்கு மட்டும் மருத்துவ மையத்தை வட்டமிட்டுக் காட்டிய வரைபடமும் ஊசி போடும் நேரமும் தந்து, எந்த நாள் எந்த வழியாகப் போவார்கள் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் போனார்கள். மற்றவர்களில் சுமார் 3 சதவீதம். அந்த மாணவர்களுக்கு மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரியும் என்பதை நினைத்துப் பாருங்கள். வழியைக் காட்டாமல் அச்சத்தை மட்டும் ஏற்றினால், மனிதர்கள் ஆபத்தைத் தவிர்ப்பதற்குப் பதிலாக அச்சத்தையே தவிர்ப்பார்கள். அப்பா உங்கள் செய்திகளைத் திறக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே வழியைப் போட்டுக் கொடுங்கள். எந்த நாள் என்பதை அவரே சொல்லட்டும். கட்டளையாக வந்தால் சம்மதித்ததையும் மறுக்கத் தோன்றும். உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே இதை விளக்கினார். அன்று கடையில் யார் உட்காருவது என்பதை முந்தைய வாரமே பேசி முடியுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே தவளக்குப்பம் இருக்கிறது. ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகலாம். துணைக்கு நீங்கள் போவதைவிட, அவருடைய நண்பர்களில் ஏற்கெனவே பரிசோதித்துக்கொண்ட ஒருவர் போனால் இன்னும் நல்லது. அய்சன் சொன்ன இரண்டாவது அம்சம் அங்கே வேலை செய்யும்.

கடைசியாக, திட்டத்தை அப்பாவின் வாயாலேயே ஒரு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள்: "வியாழன் காலை தம்பி கடையைத் திறந்ததும், நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவேன்." 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்ற இந்த அமைப்பை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வெறுமனே 'போவேன்' என்பதைவிட இது பலன் தருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பரிசோதனை முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான தேதியையும் அங்கேயே கேட்டுக் கடைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

இடையில் அப்பாவுக்குக் கண் முன்னே திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, மேலே சொன்ன எதற்கும் காத்திராதீர்கள். அன்றே, கிடைக்கும் முதல் ஆட்டோவில், அருகிலுள்ள கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.